டீ ஏன் ஆறுகிறது என்று அப்பா கேட்டார்: ஹீட் டிரான்ஸ்ஃபரை எங்கிருந்து படிப்பது?

கேள்வி: மூன்றாமாண்டு_மெக்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் மெக்கானிக்கல் சேர்ந்தவன் நான். இப்போது மூன்றாமாண்டு. ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பப் பரிமாற்றம்) பேப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இன்டர்னலில் 50-க்கு 17 வாங்கியிருக்கிறேன்.

படிக்காமல் போய் எழுதவில்லை. கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றுக்கும் வரையறை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஃபூரியர் விதி, நியூட்டனின் குளிர்தல் விதி, ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மேன் விதி எல்லாம் எழுத வரும். கணக்கு என்று வந்துவிட்டால் கை ஓடவில்லை. டேட்டா புக்கைத் திறந்தால் பக்கம் பக்கமாகச் சூத்திரம். எது எந்தக் கணக்குக்கு என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் எண்கள் பொருந்துகிற ஏதோ ஒரு சூத்திரத்தில் போட்டுவிட்டு வந்தேன். அப்படிப் போட்டது எல்லாம் தப்பு.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கடையில் கூடமாட நின்றுகொண்டிருந்தேன். கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டார்: "எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துனா டீ சீக்கிரம் ஆறிடும், கண்ணாடி கிளாஸ்ல சூடு நிக்கும்னு சொல்றாங்களே, நெசமா? நீ இதத்தானப்பா படிக்கிற?"

நானும் தைரியமாகச் சொன்னேன். எவர்சில்வரின் வெப்பக் கடத்துதிறன் ஏறக்குறைய 15, கண்ணாடிக்கு 1. அதனால் எவர்சில்வரில் 15 மடங்கு வேகமாக ஆறும் என்றேன். அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "15 மடங்கா? அப்ப கஸ்டமர் வாயில வைக்கிறதுக்குள்ள பச்சத்தண்ணி ஆயிருக்கணுமே. அப்படி ஆகலையே?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பாடம் கொஞ்சமும் புரியவில்லை என்று தெரிந்தது. செமஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அடிப்படையிலிருந்து எப்படிப் படிப்பது? எந்த வரிசையில் போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பால்_பராமரிப்பு

தம்பி, உன் அப்பா கேட்டது சரியான கேள்வி. விடை வந்ததும் "இது நடக்கிற காரியமா" என்று நிறுத்திக் கேட்டார் பார், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி வந்த மாதிரி. நான் பால் பதப்படுத்தும் ஆலையில் 19 வருடமாகப் பராமரிப்பில் இருக்கிறேன். நானும் டிப்ளமோதான். பகுதிநேரமாக பி.இ. முடித்தேன். எனக்கும் இந்தப் பேப்பரில் அரியர் விழுந்தது. அதனால் எனக்கு உதவிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சூத்திரத்தைத் தேடாதே. வெப்பம் எங்கே புறப்பட்டு, எதன் வழியாக, எங்கே போய்ச் சேருகிறது என்று முதலில் ஒரு கோடு போடு. வழியில் எத்தனை தடை இருக்கிறது என்று எண்ணு. அப்புறம் எந்தத் தடை பெரியது என்று பார்.

அப்பாவின் டம்ளரையே எடுத்துக்கொள்வோம். உள்ளே டீ, வெளியே காற்று. டீயிலிருந்து சுவரின் உள்பக்கத்துக்கு வருவது ஒரு தடை. சுவரைத் தாண்டுவது இரண்டாவது. சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து காற்றுக்குப் போவது மூன்றாவது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடரிணைப்பில் போட்ட மின்தடைகள் மாதிரி நிற்கின்றன. வெப்பநிலை வித்தியாசம்தான் வோல்டேஜ், வெப்பம்தான் கரண்ட். டிப்ளமோவில் ஓம் விதி போட்டவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இனி எண்களைப் போடு. ஒரு சதுர மீட்டருக்கு என்று கணக்கு வைத்துக்கொள்.

டீ பக்கம்: அசையாமல் இருக்கிற நீர்மத்துக்குச் சலனக் கெழு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு வெப்பம் போகிறது என்பது) 500 என்று வைத்தால், தடை 500-இல் ஒன்று. அதாவது 0.002.

எவர்சில்வர் சுவர்: அரை மில்லிமீட்டர் கனம், அதை மீட்டரில் எழுதி 15-ஆல் வகு. 0.00003.

காற்றுப் பக்கம்: ஃபேன் இல்லாத அறையில் சலனம், கதிர்வீச்சு இரண்டும் சேர்த்து 10 என்று வை. தடை 0.1.

மொத்தம் 0.102. இதில் எவர்சில்வர் சுவரின் பங்கைக் கண்ணுக்குத் தெரியாத தூசி என்று விட்டுவிடலாம். இப்போது அதை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியைப் போடு. சுவர்த் தடை 0.003 ஆகிறது. ஏறக்குறைய 90 மடங்கு கூடிவிட்டது! ஆனால் மொத்தம் 0.105-தான். வித்தியாசம் நூற்றுக்கு மூன்று. நீ 15 மடங்கு என்று சொன்னது சுவரை மட்டும் பார்த்ததால் வந்த வினை. வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பது சுவரே இல்லை, வெளியே சும்மா நிற்கிற காற்று.

அப்படியென்றால் எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் ஏன் கை சுடுகிறது? தடை குறைவு என்பதால் சுவரின் வெளிப்பக்கமும் ஏறக்குறைய டீயின் சூட்டிலேயே இருக்கிறது. கை வைத்த இடத்தில் இப்போது காற்று இல்லை, உன் விரல் இருக்கிறது. காற்றின் 0.1 என்ற பெரிய தடை அந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது. அப்போதுதான் சுவர் என்ன பொருள் என்பது பேச்சுக்கு வருகிறது. கண்ணாடியின் 0.003 விரலைக் காப்பாற்றுகிறது, எவர்சில்வரின் 0.00003 காப்பாற்றாது. கை சுடுவதை வைத்துத்தான் "இதில் சூடு சீக்கிரம் போகிறது" என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

பைக் இன்ஜினில் பட்டை பட்டையாக ஃபின் வைத்திருப்பதும், ஏசியின் வெளி யூனிட்டில் செம்புக் குழாயின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கியிருப்பதும் எல்லாம் காற்றுப் பக்கத்தில்தான். பெரிய தடை அங்கேதான் இருக்கிறது. ஃபின் பாடத்தை இந்த ஒரு வரியோடு ஆரம்பித்துப் படி, சூத்திரம் பிறகு தானாக ஒட்டும்.

இனி என் வேலையிலிருந்து ஒன்று. பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி 15 வினாடி வைத்திருந்து, மறுபடி 4 டிகிரிக்குக் குளிர்விக்கிறோம். இதெல்லாம் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் நடக்கும். ஒரு பக்கம் பால், மறுபக்கம் வெந்நீர், நடுவில் 0.6 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மாலை ஷிஃப்டில் பால் 72-ஐத் தொடவே இல்லை. 71-இல் நின்றது. 72 வராவிட்டால் திருப்பிவிடும் வால்வு பாலை மறுபடி தொட்டிக்கே அனுப்பிவிடும். ஒரு மணி நேரமாகப் பால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வெளியே அடுத்த டேங்கர் வந்து நிற்கிறது.

நான் வெந்நீரின் சூட்டை 78-இலிருந்து 84-க்கு ஏற்றினேன். இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு முன்பைவிட மோசமானது. கடைசியில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தித் தகடுகளை விரித்தோம். பால் பக்கம் முழுக்க வெளிர்மஞ்சளில் ஓர் ஏடு. கஞ்சி காய்ந்தால் பாத்திரத்தில் ஒட்டுமே, அந்த மாதிரி. நகத்தால் சுரண்டினேன். தபால் அட்டை கனம் இருந்தது. பாலின் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் சுடுகிற சுவரில் ஒட்டி உண்டான படிவம் அது. சுவர் சூடு கூடக்கூட இன்னும் ஒட்டும். நான் வெந்நீரை ஏற்றியது எரிகிற அடுப்பில் விறகைத் தள்ளியது போல ஆகிவிட்டது.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேகமாக ஓடுகிற பாலுக்கும் வெந்நீருக்கும் சலனக் கெழு 6000 என்று வை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தடை 0.00017. தகடு 0.00004. மொத்தம் 0.00038. இதில் 0.2 மில்லிமீட்டர் படிவம், கடத்துதிறன் 0.5 என்று வைத்தால், தனியாக 0.0004! அந்தத் தபால் அட்டை கனம் மற்ற எல்லாத் தடைகளையும் கூட்டினால் வருவதைவிடப் பெரியது. வெப்பம் போகிற வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறு டிகிரி ஏற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. காஸ்டிக் சோடா விட்டுக் கழுவி, பிறகு நைட்ரிக் அமிலம் விட்டுக் கழுவினால்தான் தீரும்.

டம்ளரிலும் அதே எவர்சில்வர்தான், ஏறக்குறைய அதே கனம்தான். அங்கே அதன் தடை ஒரு பொருட்டே இல்லை. இங்கே மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இந்தப் பாடம் பயமாக இல்லை.

ஏழு வாரத்தில் முதல் இரண்டு வாரம் நிலையான ஒருதிசைக் கடத்தலை மட்டும் எடு. தட்டைச் சுவர், குழாய், கோளம். ஒவ்வொரு கணக்குக்கும் தடைப் படம் வரையாமல் எண் போடாதே. அடுத்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தாவிவிடு. அதே தடைகள்தான் அங்கேயும் வருகின்றன. சலனத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்.

பதில்: ஆய்வக_ஆசிரியை

பால்_பராமரிப்பு சார் சொன்ன வழியைத்தான் நானும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் டம்ளர் கணக்கில் இரண்டுக்கும் காற்றுப் பக்கம் ஒரே 10 போட்டதை ஏற்க முடியவில்லை. அங்கே முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது.

அந்த 10-இல் சலனத்தின் பங்கு 5 அளவில்தான். மிச்சம் கதிர்வீச்சு. பளபளப்பான எவர்சில்வரின் உமிழ்திறன் (கதிர்வீச்சாக வெப்பத்தை விடும் திறன்) 0.2 அளவு, கண்ணாடிக்கு 0.9. இந்த வெப்பநிலையில் கண்ணாடிக்குக் கதிர்வீச்சுக் கெழு 7 வரும், எவர்சில்வருக்கு 1.5-தான். ஆகவே காற்றுப் பக்கக் கெழு கண்ணாடிக்கு 12, எவர்சில்வருக்கு 6.5 என்று எழுதுவதே சரி. பக்கச் சுவர் வழியாகக் கண்ணாடி கிளாஸ்தான் அதிக வெப்பத்தை இழக்கிறது!

இன்னொன்று, கிளாஸே குடிக்கிற வெப்பம். 100 மில்லி டீ ஒரு டிகிரி இறங்க 420 ஜூல் விடவேண்டும். 150 கிராம் கண்ணாடி ஒரு டிகிரி ஏற 126 ஜூல். 60 கிராம் எவர்சில்வர் டம்ளருக்கு 30 போதும். 85 டிகிரி டீயை 30 டிகிரி கிளாஸில் ஊற்றினால் காற்றுக்கு ஒன்றும் போகாமலே டீ 72-க்கு வந்துவிடும். எவர்சில்வரில் 81.

அப்புறம் வாய்ப்பக்கம். திறந்த டீயின் மேற்பரப்பிலிருந்து ஆவி போகிறது. ஒவ்வொரு கிராம் நீரும் 2300 ஜூலைத் தூக்கிக்கொண்டு போகிறது. சூடான டீயில் பக்கச் சுவர் இழப்பைவிட இதுதான் பெரியது. டீயை ஆற்றும்போது நாம் கூட்டுவதும் அந்தப் பரப்பைத்தானே.

தம்பி, கடையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். எவர்சில்வர், கண்ணாடி, மூடி போட்ட எவர்சில்வர் மூன்றிலும் ஒரே அளவு டீ.

சூத்திரம் தேடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சலனக் கணக்கில் டேட்டா புக்கைத் திறக்கும் முன் தாளில் நான்கு விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டம் குழாய்க்கு உள்ளேயா, ஒரு பொருளுக்கு வெளியேயா? பம்போ ஃபேனோ தள்ளுகிறதா, சூட்டால் தானே எழும்புகிறதா? தள்ளுகிறது என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கலங்கலா என்று காட்டும் எண்) என்ன? குழாயில் 2300-க்குள் சீரோட்டம், தட்டையான பரப்பில் 5 லட்சம் வரை. பண்புகளை எந்த வெப்பநிலையில் எடுக்கவேண்டும்? வெளியே ஓடுவதற்குச் சுவருக்கும் நீர்மத்துக்கும் நடுவான வெப்பநிலை, குழாய்க்குள் என்றால் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் நடுவானது. இந்த நான்கையும் எழுதிவிட்டால் பெரும்பாலும் ஒரே சூத்திரம்தான் மிஞ்சும். டிட்டஸ்-போல்ட்டர் சமன்பாட்டை ரெனால்ட்ஸ் எண் பார்க்காமலே எல்லாக் குழாய்க்கும் போட்டு மதிப்பெண் இழப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அது 10,000-க்கு மேல் உள்ள கலங்கல் ஓட்டத்துக்கு உரியது. நீர்மம் சூடேறினால் அந்தச் சமன்பாட்டில் பிராண்டில் எண்ணின் (நீர்மத்தின் ஒரு பண்பு எண்) அடுக்கு 0.4, குளிர்ந்தால் 0.3.

கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்கடுக்கில் கூடும்; அதில் செல்சியஸைப் போட்டு நான்கடுக்கு எடுக்காதீர்கள். ஸ்டெஃபான் 1879-இல் இந்த விதியைச் சொன்னபோது டின்டாலின் பிளாட்டினக் கம்பி அளவீட்டை வைத்துத்தான் ஒப்பிட்டார். கம்பி 525 டிகிரியிலிருந்து 1200 டிகிரிக்குப் போனபோது கதிர்வீச்சு 11.7 மடங்கு கூடியிருந்தது. கெல்வினில் 1473-ஐ 798-ஆல் வகுத்து நான்கடுக்கு எடுங்கள், 11.6 வரும். செல்சியஸில் செய்தால் 27 வரும். ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது.

பதில்: மூன்றாமாண்டு_மெக்

அண்ணா, மேடம், இருவருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடையில் செய்து பார்த்தேன். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நண்பனிடம் வாங்கினேன். ஃபேனை நிறுத்திவிட்டு ஒரே பாத்திரத்திலிருந்து 100 மில்லி வீதம் ஊற்றினேன்.

ஒரு நிமிடத்தில் எவர்சில்வரில் 79, கண்ணாடியில் 72. பத்து நிமிடத்தில் எவர்சில்வரில் 63, கண்ணாடியில் 59. மூடி போட்ட எவர்சில்வரில் பத்து நிமிடம் கழித்தும் 72!

அப்பா பக்கத்தில் நின்று மூன்றிலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி தொட்டால் சூடு குறைவு, ஆனால் உள்ளே டீயின் சூடும் குறைவு என்று காட்டியதும், "அப்ப கை சொல்றத நம்பக்கூடாது" என்றார். பிறகு, காலையில் முதல் ஈடு கிளாஸ்களை மட்டும் வெந்நீரில் அலசி வைப்பது அவர் அப்பா காலத்துப் பழக்கமாம், ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். மேடம் சொன்ன 126 ஜூல் கணக்கை அவருக்கு விளக்கினேன். நான் படிக்கிற ஒரு பாடத்தை அப்பாவிடம் விளக்கியது இதுதான் முதல்முறை.

அண்ணா சொன்னபடி தட்டைச் சுவர்க் கணக்கு 14 போட்டுவிட்டேன். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓர் இடத்தில் நிற்கிறேன். உங்கள் பால் கணக்கையே எடுத்துக்கொண்டேன். சூடான 72 டிகிரி பால் திரும்பி வரும்போது குளிர்ந்த 4 டிகிரி பாலைச் சூடாக்குகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். 4 டிகிரி பால் 65-க்கு ஏறினால், 72 டிகிரி பால் 11-க்கு இறங்கும். எதிரெதிர் ஓட்டம். ஒரு முனையில் வித்தியாசம் 7, மறுமுனையிலும் 7. எல்எம்டிடி (மடக்கை வழிச் சராசரி வெப்பநிலை வித்தியாசம்) சூத்திரத்தில் போட்டால் மேலே பூஜ்யம், கீழே ஒன்றின் மடக்கை, அதுவும் பூஜ்யம். என்ன தப்பு செய்தேன்?

பதில்: பால்_பராமரிப்பு

தம்பி, முதலில் மேடத்துக்கு நன்றி. கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் ஒரே 10 போட்டது என் தவறு. ஆலையில் வெளிச்சுவர்க் கதிர்வீச்சைப் பார்க்க வேண்டிய தேவையே வராததால் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பால், ஒரே அளவு ஓட்டம். ஒரு பக்கம் எத்தனை டிகிரி இறங்குகிறதோ மறுபக்கம் அத்தனை டிகிரி ஏறும். அதனால் முதல் தகட்டிலிருந்து கடைசித் தகடு வரை வித்தியாசம் 7-ஆகவே இருக்கிறது. சராசரி எடுக்கவே தேவையில்லை, 7 என்றே போடு. பரீட்சையில் இப்படி வந்தால் "இரு முனை வித்தியாசமும் சமம், ஆகவே சராசரி 7" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போ.

இந்தப் பகுதி ஆலைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பார். மணிக்கு 5000 லிட்டர் பால். அதை 4-இலிருந்து 72 வரை வெந்நீரிலேயே சூடாக்கினால் 380 கிலோவாட் வேண்டும். திரும்பி வருகிற பாலே 65 வரை ஏற்றிவிடுவதால் வெந்நீர் தரவேண்டியது ஏழு டிகிரி மட்டும், 39 கிலோவாட். மிச்சத்தைப் பாலே பாலுக்குக் கொடுக்கிறது. குளிர்விக்கிற பக்கத்திலும் அதே மிச்சம்.

எல்எம்டிடி இல்லாமல் என்டியூ (வெப்பம் மாற்றும் அலகுகளின் எண்ணிக்கை) முறையிலும் சரிபார்க்கலாம். 61 டிகிரி ஏற்றம், 7 டிகிரி வித்தியாசம். வகுத்தால் என்டியூ 8.7. இரு பக்கமும் சமமாக உள்ள எதிரெதிர் ஓட்டத்தில் திறன் (ஏறக்கூடிய டிகிரியில் எவ்வளவு பங்கு ஏறியது) என்பது என்டியூவை, என்டியூவோடு ஒன்றைக் கூட்டி வருவதால் வகுத்தது. 8.7-ஐ 9.7-ஆல் வகு, 0.9 வரும். 4-இலிருந்து 72 வரை ஏறக்கூடிய 68-இல் 61-ம் அதேதான். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது பார்.

சுத்தமான தகட்டுக்கு மொத்தக் கெழு (ஒன்றை மொத்தத் தடை 0.00038-ஆல் வகுத்தது) 2600 என்று எடுத்தால் பரப்பு ஏறக்குறைய 19 சதுர மீட்டர் வரும். அதையும் போட்டுப் பார்.

உனக்கு ஒரு கணக்கு தருகிறேன். அந்தத் தபால் அட்டை ஏடு இந்தப் பகுதியிலும் படிந்து, மொத்தக் கெழு சரிபாதியாகிவிட்டது என்று வை. தகடு அதே 19 சதுர மீட்டர்தான், ஓட்டமும் அதேதான். 4 டிகிரி பால் இப்போது எத்தனை டிகிரி வரை ஏறும்? வெந்நீர் கூடுதலாக எத்தனை கிலோவாட் தரவேண்டியிருக்கும்? தடைப் படம் வரைந்து, என்டியூவைப் பாதியாக்கிப் போடு. முதல் விடை 59-ஐ ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் எந்தப் படியில் நின்றாய் என்று எழுது, ஷிஃப்ட் முடிந்ததும் பார்க்கிறேன்.